கணக்கில் வராத முதல் குண்டு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீல அட்டை போட்ட ஒரு நோட்டிலிருந்து வந்தது. முன்பக்கத்திலிருந்து புரட்டினால் அது எங்கள் வடக்குப் பனிக்காட்டு ஊரின் டாமராக் ரைபிள் கிளப்பின் பதிவேடு: யார் சுட்டார், எந்தத் தோட்டா, நூறு கஜம் தள்ளி இருக்கும் தாளில் மூன்று ஓட்டைகளும் எத்தனை அங்குலத்துக்குள் விழுந்தன. மான் வேட்டைப் பருவத்துக்கு முந்தைய நான்கு சனிக்கிழமைகளில் ஊரே இங்கே வந்து துப்பாக்கியைச் சரிபார்த்துக்கொண்டு போகும். தொலைநோக்கியில் கண்ணை வைத்து ஓட்டைகளைப் பார்த்து எழுதுவது என் வேலை. அதே நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்னாலிருந்து புரட்டினால் இது. இதை எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

நான் எழுத உட்கார்ந்தது மான் வேட்டைக் கதை. பனி, விடியல், கொம்பு, ஒரு வெடிச்சத்தம், முடிந்தது. இருபத்தொரு பக்கம் தீர்ந்துவிட்டது. கதைக்குள் இன்னும் ஒரு மான்கூட காலடி வைக்கவில்லை. வந்ததெல்லாம் தோட்டாப் பெட்டிகளும், அவற்றைப் பற்றிப் பேச வாய் ஓயாத ஆண்களும்தான். எனக்கு வெறுத்துப்போய்விட்டது. உங்களுக்கும் வெறுக்கும். ஆனாலும் படியுங்கள்.

நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

மார்லிஸின் கை நடுங்கவில்லை. [அடித்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை சொன்னார்கள்: முதல் வரியை எழுதியவுடன் அடித்துவிட வேண்டும், அது வெறும் தொண்டைச் செருமல், கதை இரண்டாவது வரியில்தான் தொடங்குகிறது என்று. பள்ளியை விட்டேன். இந்தப் பழக்கத்தை விடவில்லை.]

பனி கொட்டிய ஒரு விடியலில், பத்துக் கிளைக் கொம்போடு ஒரு [இல்லை. மான் இல்லை என்றுதான் சொன்னேனே.]

சிவப்புப் பெட்டியில் இருபது தோட்டாக்கள் இருந்தன, அவற்றில் ஒன்று [இது பரவாயில்லை. ஆனால் அந்த ஒன்றைப் பற்றித்தான் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.]

2

மார்லிஸ் கெட்டுனன் எங்கள் ஊர்ப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். நாற்பத்தாறு வயது. பனியில் சறுக்கிய பேருந்தை முப்பது பிள்ளைகளோடு பள்ளத்துக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தியவள். அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்கிறார்கள்.

போன நவம்பரில் விட்டாள்.

தேவதாரு மரங்களின் ஓரத்தில், பலகையால் உயரமாக அடித்த மறைவிடத்தில் உட்கார்ந்திருந்தாள். நூற்றிருபது கஜத்தில் கொம்பன் மான் ஒன்று வந்து நின்றது. வலப்பக்கம் பார்த்து, உடம்பு முழுவதையும் காட்டிக்கொண்டு. துப்பாக்கியைப் பலகைச் சட்டத்தின் மேல் சாய்த்து, மூச்சை விட்டு, முன்னங்காலுக்குப் பின்னால் குறிவைத்துச் சுட்டாள். அங்கே பட்டால் மான் ஐம்பது அடி ஓடி விழும். இது விழவில்லை. பனியில் இருந்த ரத்தம் கறுப்பாக, தழைக்கூழ் கலந்து இருந்தது. குண்டு குடலில் பட்டிருக்கிறது என்று அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இரண்டு நாள் தேடினாள். மூன்றாம் நாள் அண்டங்காக்கைகள் காட்டிக்கொடுத்தன. அதற்குள் ஓநாய்கள் வந்துபோயிருந்தன.

அவ்வளவுதான் நடந்தது. இந்த ஊரில் அது பலருக்கு நடந்திருக்கிறது, பீர் குடித்துக்கொண்டே சொல்வார்கள். மார்லிஸ் யாரிடமும் சொல்லவில்லை. இந்த வருஷம் முதல் சனிக்கிழமை வந்து, சுடுமேடையில் துப்பாக்கியை வைத்து, ஓர்வோவிடம் சொன்னதுதான் முதல் தடவை. ஓர்வோ லாஹ்டி சுடுதிடலின் பொறுப்பாளர். விசில் அவரிடம்தான் இருக்கிறது. அபிப்பிராயமும்.

"தப்பு என்னோடதா, தோட்டாவோடதான்னு எனக்குத் தெரிஞ்சாகணும் ஓர்வோ அண்ணே. தெரியலன்னா நான் காட்டுக்குள்ள போகமாட்டேன். துப்பாக்கிய கோர்டிகிட்டக் குடுத்துட்டு வீட்ல உக்காந்துருவேன்."

"அட ஒரு மானுக்காகவா?"

"அந்த ஒரு மானுக்காகத்தான்."

கோர்டி லகாஸ் பக்கத்து மேடையில் இருந்தான். அந்தத் துப்பாக்கி மேல் அவனுக்கு ஆறு வருஷமாகக் கண். அதனால் அவன் சொன்ன அத்தனையையும் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் எழுதினேன்.*

* எழுத்தாளர் நடுநிலையாக இருக்க வேண்டுமாம். கோர்டி என் தொப்பியில் ஒருமுறை காப்பியைக் கொட்டிவிட்டு "பாத்துக்கக் கூடாதா" என்று என்னையே கேட்டான். என்னால் முடியவில்லை.

3

இப்போது தோட்டாக்கள். வேறு வழியில்லை.

ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு துப்பாக்கிகள்கூட ஒரே தோட்டாவை ஒப்புக்கொள்ளாது. ஒன்றில் மூன்று ஓட்டைகளும் தொட்டுக்கொண்டு விழும். இன்னொன்றில் அதே பெட்டி, அதே நாள், தாள் முழுக்கச் சிதறும். ஏன் என்று கேட்டால் பத்துப் பேர் பத்துக் காரணம் சொல்வார்கள். வாங்கிச் சுட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. பெட்டி மேல் போட்டிருக்கும் நூற்றைம்பது, நூற்றெண்பது எல்லாம் குண்டின் எடை. எடை குறைந்தால் வேகமாகப் போகும், கூடினால் மெதுவாகப் போய் ஆழமாக இறங்கும். (இதற்கு மேல் நான் விளக்கினால் இது கதையாக இருக்காது. ஏற்கெனவே இருக்கிறதா என்பது வேறு விஷயம்.)

போன வருஷம் மார்லிஸ் சுட்டது சிவப்புப் பெட்டி, நூற்றைம்பது. ஆகவே முதல் சனிக்கிழமை சிவப்பு.

"நூத்தம்பதா?" என்றான் கோர்டி. "அது முயலுக்கு வெக்கிறது. நூத்தியெண்பது போடு. மரத்தத் தொளச்சிட்டு அந்தப் பக்கம் போவும்."

"அவ மரத்தையாடா சுடப்போறா?" என்றார் ஓர்வோ. "மார்லிஸ், நீ இவன் பேச்சக் கேக்காத. இவன் போன வருஷம் சுட்டது ஒரு அஞ்சல் பெட்டிய."

"அது பின்னாடி மான் நின்னுச்சு!"

"ஆமா, கடிதம் வாங்க வந்துச்சு."

ஓர்வோ பேசிக்கொண்டே காகிதத் தட்டு ஒன்றை ஆணியில் மாட்டினார். இந்த ஊரில் அதுதான் சட்டம். கேக் வைத்துத் தின்கிற அந்த வெள்ளைத் தட்டுக்குள் எங்கே பட்டாலும் மானின் நெஞ்சுக்குள் பட்டதாகக் கணக்கு. "தட்டுல விழுந்தா மான் விழுந்துச்சு" என்பார். மார்லிஸ் தட்டைக் கழற்றி அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அங்குலக் கட்டம் போட்ட தாளை மாட்டச் சொன்னாள். ஓர்வோவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே.

மணல் மூட்டை மேல் துப்பாக்கியை வைத்தாள். கன்னத்தைக் கட்டையில் பதித்தாள். விசில். முதல் குண்டு.

"எடப்பக்கம். நாலு அங்குலம்," என்றேன் தொலைநோக்கியிலிருந்து.

"எழுதாத, பென்சில்," என்றார் ஓர்வோ. பென்சில் என்றால் நான்தான். "மொதல் குண்டு கணக்கில்ல. கொழல் இன்னும் முழிக்கவே இல்ல. அடுத்த மூணத்தான் பாக்கணும்."

இதுவும் இந்த ஊரின் சட்டம். யாரும் கேள்வி கேட்டதில்லை. அடுத்த மூன்றும் ஒன்றரை அங்குலத்துக்குள், நட்ட நடுவில். பதிவேட்டில் அதைத்தான் எழுதினேன்: கெட்டுனன், சிவப்பு 150, ஒன்றரை.

"பாத்தியா, தோட்டாவுல குத்தமில்ல," என்றார் ஓர்வோ.

மார்லிஸ் வெடித்த கூடுகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

இரண்டாம் சனிக்கிழமை மஞ்சள் பெட்டி, நூற்றெண்பது: முதல் குண்டு கணக்கில்லை, மற்ற மூன்றும் இரண்டு அங்குலம். மூன்றாம் சனிக்கிழமை முழுச் செம்புக் குண்டு: முதல் குண்டு கணக்கில்லை, மற்ற மூன்றும் ஒன்றே முக்கால். ஒவ்வொரு வாரமும் குழல் ஆற நிமிஷக்கணக்கில் காத்திருந்து, மறுபடி மூன்று, மறுபடி காத்திருப்பு. காத்திருக்கும்போதெல்லாம் கோர்டியின் சொற்பொழிவு. செம்பு நல்லது, ஈயம் நல்லது, செம்புக்குள் ஈயம் நல்லது, அவன் மாமா ஒருவர் 1974இல் பயன்படுத்தியது எல்லாவற்றையும்விட நல்லது, அது இப்போது வருவதில்லை.

எல்லாத் தோட்டாவும் நன்றாகச் சுடுகிறது. இதைவிட எரிச்சலான ஒரு கதைத் திருப்பம் இருக்க முடியுமா? குற்றவாளியைத் தேடிப் போனால், சந்தேகப்பட்ட ஒவ்வொருவனும் யோக்கியனாக வந்து நிற்கிறான்.

4

இங்கே ஒரு கதாபாத்திரத்தைக் கொண்டுவர வேண்டும். கொண்டுவர எனக்கு இஷ்டமில்லை.

டுவேன். மார்லிஸின் கணவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மரம் வெட்டும் இடத்தில் முதுகில் அடிபட்டு அறுவை நடந்தது. நடப்பார், உட்காருவார். மறைவிடத்தின் ஏணியில் ஏற முடியாது, குளிரில் ஒரு மணி நேரம் தாங்காது. அதுவரை கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பேரும் ஒரே மறைவிடத்தில் தோளோடு தோள் உட்கார்ந்தவர்கள்.

மூன்றாம் சனிக்கிழமை மார்லிஸ் காப்பிக் குடுவையை மேடையில் மறந்துவிட்டுப் போனாள். கொடுக்கப் போனேன். சமையலறை மேசையில் பழைய துண்டு விரித்து, அதன் மேல் துப்பாக்கி. டுவேன் நீளக் கம்பியில் துணியைச் சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். துணி வெள்ளையாக வரும்வரை இழுத்தார். பிறகு எண்ணெயில் நனைத்த துணி. ஒருமுறை அல்ல, மூன்று முறை.

"வா பென்சில், உள்ள எட்டிப் பாரு," என்று குழலை விளக்குப் பக்கம் திருப்பினார். "மொகம் பாத்துப் பொட்டு வெச்சுக்கலாம்."

"எனக்கு ஒரு நாளாவது இப்பிடித் தேய்ச்சு விட்டிருக்கியாய்யா?" என்றாள் மார்லிஸ் அடுப்பிலிருந்து. இறைச்சி அடைத்த பாஸ்டி வெந்த வாசனை வீடு முழுக்க.

"நீ துருப்பிடிக்க மாட்டியே."

"வாயப் பாரு."

"மானு உன்னோடது. துப்பாக்கியோட வயிறு என்னோடது. முதுகு போனதுலேர்ந்து ஒப்பந்தம் அதான?" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஒவ்வொரு வாட்டி சுட்டு வந்ததும் சுத்தம் பண்ணிருவேன். பருவத்துக்கு மொத நாள் ராத்திரி இன்னொரு வாட்டி. போன வருஷமும் பளபளன்னுதான் அனுப்பினேன்."

மார்லிஸின் கரண்டி ஒரு கணம் நின்றது. மானைப் பற்றிய நினைப்பு. வேறெதையும் அவள் சந்தேகிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

நான் குடுவையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

[டுவேனைக் கதையிலிருந்து எடுத்துவிட மூன்று முறை முயன்றேன். அவரை எரிச்சல்காரனாக எழுதினேன், ஒட்டவில்லை. குடிகாரனாக எழுதினேன், சிரிப்பு வந்தது. கெட்டவனாக ஒரு ஆள் கிடைத்திருந்தால் இந்தக் கதை போன வாரமே முடிந்திருக்கும்.]

5

நான்காம் சனிக்கிழமை என்றால் இன்று. நாளை மறுநாள், திங்கள், பருவம் தொடங்குகிறது. பச்சைப் பெட்டி, நூற்று அறுபத்தைந்து. முதல் குண்டு கணக்கில்லை. அடுத்த மூன்றும் ஒன்றேகால் அங்குலம். நான்கிலும் இதுதான் சிறந்தது.

"இதையே எடு," என்றார் ஓர்வோ. "முடிஞ்சுது போ."

"என்ன முடிஞ்சுது?" என்றாள் மார்லிஸ். "சிவப்பும் நல்லாத்தான சுட்டுது? பின்ன அது ஏன் கொடல்ல பட்டுச்சு?"

அப்போதுதான் கோர்டி வாயைத் திறந்தான். "நான் சொன்னா கோவிச்சுக்காத. தோட்டா நல்லாருக்கு, துப்பாக்கி நல்லாருக்கு. அப்ப மிச்சம் யாரு?"

ஓர்வோ அவனை முறைத்துவிட்டு, அவள் பார்க்காதபோது மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றை உள்ளே தள்ளினார். வெடிக்கும் என்று நினைத்து விசையை இழுப்பவரின் கை பயத்தில் துள்ளுகிறதா என்று பார்க்கும் பழைய சோதனை. விசில். மார்லிஸ் இழுத்தாள். டிக். அவ்வளவுதான். குழல் முனை ஒரு நூல்கூட அசையவில்லை. அங்கே ஒரு நாணயத்தை நிற்க வைத்திருந்தால் நின்றிருக்கும்.

"பாறை," என்றார் ஓர்வோ.

"காகிதத்தப் பாத்தா யாருக்குக் கை ஆடும்?" என்றான் கோர்டி. "மானப் பாத்தாத்தான ஆடும். அது பரவால்ல மார்லிஸ், எத்தனையோ பேருக்கு இருக்கு."

இதற்குப் பதில் கிடையாது என்பதுதான் இதிலுள்ள அயோக்கியத்தனம். மானைப் பார்க்கும்போது கை ஆடுமா என்பதை மானைப் பார்க்காமல் எப்படி நிரூபிப்பது?

மார்லிஸ் துப்பாக்கியை எடுத்து உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்தாள். பிறகு உறையில் போட்டாள்.

"சரிதான் கோர்டி. நாளைக்குக் காலைல வந்து எடுத்துட்டுப் போ. இன்னிக்கி ராத்திரி டுவேன் சுத்தம் பண்ணி வெப்பாரு. அழுக்கா குடுத்தா அவருக்குத் தூக்கம் வராது."

கோர்டிக்கே முகம் சுருங்கிவிட்டது. அதை எழுதாவிட்டால் நான் நேர்மையில்லாதவள்.

6

இப்போது மணி மூன்றரை. எல்லோரும் தகரக் கொட்டகைக்குள் காப்பி குடிக்கிறார்கள். நான் பதிவேட்டைக் கூட்டிச் சரிபார்ப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சுட்ட தாள்களை ஓர்வோ அடுப்பெரிக்கப் பெட்டியில் போட்டு வைப்பார். மார்லிஸின் நான்கு தாள்களையும் தேடி எடுத்தேன். ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தேன், வெளிச்சம் ஊடுருவும்படி. நடுவில் கணக்கில் வந்த ஓட்டைகள். சரி. இடப்பக்கம், நாலு அங்குலம் தள்ளி, இன்னொரு கூட்டம்: நான்கு ஓட்டைகள், ஒரு தேநீர்க் கிண்ணத்தின் வாய்க்குள் அடங்கும்படி.

நான்கு வாரம். நான்கு வகைத் தோட்டா. கணக்கில் வராத நான்கு முதல் குண்டுகள். அத்தனையும் ஒரே இடத்தில்.

அது கை நடுக்கம் இல்லை. நடுங்கும் கை ஒரே இடத்தில் நான்கு முறை தவறாது. அது தோட்டாவும் இல்லை. தோட்டா நான்கு முறையும் வேறு. நான்கு சனிக்கிழமையும் மாறாமல் இருந்தது ஒன்றுதான். முதல் குண்டு போன குழல், துடைத்துத் துடைத்து எண்ணெய் மினுங்கிய குழல். அந்தக் குண்டு எண்ணெயை எரித்துக்கொண்டு போனது. இரண்டாவதிலிருந்து குழல் அழுக்காகிச் சரியாகிவிட்டது.

மேடையில் முதல் குண்டு கணக்கில் இல்லை. காட்டில் மார்லிஸ் சுட்டது ஒரே ஒரு குண்டு. அது முதல் குண்டு.

மான் வலப்பக்கம் பார்த்து நின்றது. சுடுகிறவளுக்கு இடது என்றால் மானுக்குப் பின்பக்கம். நூற்றிருபது கஜத்தில் நாலு அங்குலம் ஐந்தாகும். முன்னங்காலுக்குப் பின்னால் குறிவைத்த குண்டு, இன்னும் ஐந்து அங்குலம் பின்னால் போனால்

[இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. நீங்களே முடித்திருப்பீர்கள்.]

நான் அடித்த முதல் வரியை மேலே போய்ப் பாருங்கள். நாலு வாரமாக அதைத் தாண்டித் தாண்டி எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

7

முடிவுகள்.

அ) எழுதுகிறவள் எழுந்து கொட்டகைக்குள் போய், பத்துப் பேர் முன்னால், தெளிவான குரலில் எல்லாவற்றையும் சொல்கிறாள். ஓர்வோ விசிலைக் கீழே போடுகிறார். [எழுதுகிறவளுக்கு அந்தக் கொட்டகையில் காப்பி வேண்டும் என்று கேட்கவே இரண்டு வருஷம் ஆனது. அடித்துவிட்டேன்.]

ஆ) திங்கட்கிழமை. பனி. விடியல். மார்லிஸ், பச்சைப் பெட்டி, பத்துக் கிளைக் கொம்பன், ஒரே குண்டு. ஊர் நடுவில் கம்பத்தில் தொங்கும் மான்களில் பெரியது அவளுடையது. கோர்டி கைதட்டுகிறான். [கடைசியில் மான் வந்துவிட்டது! ஆனால் நான் பார்க்காத மான். பொய்.]

இ) யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கோர்டி காலையில் வந்து எடுத்துப் போகிறான். அவன் எதையும் சுத்தம் பண்ணுகிறவன் இல்லை, அதனால் அந்தத் துப்பாக்கி அவனிடம் அற்புதமாகச் சுடுகிறது. தப்பு மார்லிஸின் கைதான் என்று ஊருக்கே நிரூபணமாகிவிடுகிறது. [இது நடக்கும். நான் சும்மா இருந்தால் நிச்சயம் நடக்கும். நாலு முடிவில் இது ஒன்றைத்தான் நான் எழுதவே வேண்டியதில்லை.]

ஈ) டுவேனுக்குத் தெரிந்துவிடுகிறது. [இங்கேதான் பென்சில் நிற்கிறது. அந்த மனிதருக்கு வேட்டையில் மிச்சமிருப்பது அந்தத் துணியும் கம்பியும் எண்ணெயும்தான். அதுவே அந்த மானைக் குடலில் சுட்டது என்று யார் போய் அவரிடம் சொல்வது? எந்த முடிவை எழுதினாலும் அவர் சமையலறை மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறார். எழுந்து போகவே மாட்டேன் என்கிறார்.]

8

மணி நாலு. வெளிச்சம் மங்கிக்கொண்டிருக்கிறது, ஓர்வோ கடைசி விசில் ஊதிவிட்டார். வீட்டுக்குப் போகும் முன் சுட்டவர்கள் எல்லோரும் வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். நோட்டு மேசையில் இருக்கும், பென்சில் கயிற்றில் கட்டியிருக்கும். நான் பக்கத்தில் நிற்க மாட்டேன். இலக்குச் சட்டங்களைக் கழற்றப் போய்விடுவேன், நூறு கஜம் தள்ளி.

இன்று நோட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்துவிட்டுப் போகிறேன். வரிசையில் கடைசியாக யார் வருகிறார்கள் என்பது எனக்குத் தெரியும், மற்றவர்கள் போன பிறகுதான் திருப்பினேன். நாலு தாள்களையும் உள்ளே சொருகியிருக்கிறேன். ஜன்னலில் வைத்துப் பாருங்கள்.

மார்லிஸ் அக்கா, உங்களை அவள் இவள் என்று எழுதியதற்கு மன்னிக்கவும். கதையில் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

நான் தப்பாகவும் இருக்கலாம். ஒரு குண்டில் தெரிந்துவிடும். இன்று ராத்திரி குழலைத் துடைக்காமல் அப்படியே விடுங்கள். நாளைக் காலை, கோர்டி எழுந்திருப்பதற்கு முன்னால், வாருங்கள். சுடுதிடலின் கதவுச் சாவி என்னிடம்தான். பச்சைப் பெட்டி, குளிர்ந்த குழல், ஒரே குண்டு. நான் தொலைநோக்கியில் இருப்பேன். அது நடுவில் விழுமா, இடப்பக்கம் விழுமா என்று என்னால் இங்கேயே எழுதிவிட முடியும். எழுத மாட்டேன். அந்தக் குண்டைப் பதிவேட்டின் முன்பக்கத்தில், கணக்கில், எழுதுவேன்.

ஆனால் அதற்கு முன்னால் இன்று ராத்திரி இருக்கிறது. நீங்கள் கதவைத் திறந்து உள்ளே போவீர்கள். மேசையில் துண்டு விரித்திருக்கும். டுவேன் அண்ணன் வழக்கம்போல உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் நீட்டுவார், துப்பாக்கியை வாங்க.

அப்போது அவரிடம் என்ன சொல்வது என்று நான் மூன்று பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். அது என் வாயில் வரவில்லை. உங்கள் வாயில் எப்படி வருகிறதோ.